ஏழாவது சுவிட்ச்

வீடு வாங்கிக் குடிவந்த இருபத்திரண்டாம் நாள் அவள் மெயின் பாக்ஸைத் திறந்தாள். இருபத்தொன்றாகவும் இருக்கலாம். சாமான் இறக்கிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் அவளுக்கே குழப்பம். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், நசநசவென்று மழை என்பது மட்டும் நிச்சயம்.

பெட்டி வாசற்கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால்தான் தெரிகிற இடத்தில் இருந்தது. சுவருக்கு அடித்த அதே பெயிண்டை யாரோ அதன்மேலும் அடித்திருந்தார்கள். கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதும் மூடி வந்தது. உள்ளே பெரிதாக ஒரு மெயின், அதன் கீழே வரிசையாக எட்டு சின்ன சுவிட்சுகள். எது எதற்கென்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

அவளுக்கு வேலை மருந்துக்கடையில். அங்கே பெயர் இல்லாத புட்டி என்று ஒன்று கிடையாது. ஒட்டிய காகிதம் உரிந்துபோனால், உள்ளே இருப்பது என்னவென்று கடையில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தாலும், அது குப்பைக்குத்தான் போகும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்பு டப்பாவில் உப்பு என்றும் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும், திறந்த தேதியோடு எழுதி ஒட்டியிருப்பாள். அதனால் கணவன் அவளுக்கு வைத்த பெயர் லேபிள்.

"என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடேன்," என்பான். "காலாவதி தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடு."

அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். இரண்டு ஆள் பிசைய வேண்டிய மாவை ஒற்றை ஆளாகப் பிசைந்து, அறைந்து, உருட்டி அடுப்பில் தள்ளிவிட்டு, மதியம் முழங்கை வரை வெளுத்துப்போய் வருவான். அவன் கை பட்டால் மாவு தானே அடங்கிவிடும் என்று முதலாளி ஒருமுறை சொன்னாராம். அதை வாரம் ஒருமுறையாவது அவன் வீட்டில் நினைவுபடுத்துவான்.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம், ஒரு அறைக்குப் பின்னால் ஒரு அறை. ஒருகாலத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு அகலமாக இருந்ததை, அண்ணன் தம்பி இருவர் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்களாம். இந்தப் பாதி தம்பியுடையது. விற்றவர் அவர்தான். சாவியைக் கொடுக்கிறபோது தொட்டி எங்கே, மோட்டார் எங்கே, எந்தக் குழாயில் தண்ணீர் நின்று வரும் என்று பொறுமையாகக் காட்டினார். பின்அறைக்குள் மட்டும் வரவில்லை. நிலையில் நின்றபடி, "இங்க ஒண்ணும் இல்ல, சாமான் போட்டுக்கலாம்," என்றார். அலமாரித் தட்டில் பிரிக்காத பல்பு இரண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷன் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பின்அறைக்கு ஜன்னல் இல்லை. பின்சந்தைப் பார்த்து இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. பூச்சை மீறி அதன் சதுரம் தெரியும். மழை பிடித்த பிறகு, பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறி நின்றது. நிலைக்கு மேலே மரக்கட்டையில் ஒரு பழைய ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு. அந்த பல்புக்குச் சுவிட்ச் எங்கே என்று இருவரும் தேடியதில்லை. தேடத் தோன்றவில்லை. சாயங்காலமானால் அது எரிந்தது. அவன் போட்டிருப்பான் என்று அவளும், அவள் போட்டிருப்பாள் என்று அவனும் நினைத்தார்கள்.

"பின்ரூம்ல லைட்டைப் போட்டா அணைக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"நான் எங்க போட்டேன்? நீ போட்டுட்டு என்னைச் சொல்றியா?"

அப்புறம் போய்ப் பார்த்தால் அணைந்திருக்கும். மற்றவர் ரோஷத்தில் அணைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இருபது நாள் இப்படியே ஓடிவிட்டது.

அந்த ஞாயிறு அவள் பழைய காலண்டர் தாளின் முதுகில் எட்டுக் கட்டம் போட்டாள். ஒவ்வொரு சுவிட்சாக இறக்குவது, எது நிற்கிறதென்று அவன் உள்ளிருந்து சொல்வது, எழுதுவது. இதுதான் திட்டம். அவன் ஒரு ரொட்டித்துண்டைக் கடித்தபடி அறை அறையாக நடந்தான்.

"என்ன நின்னுச்சு?"

"முன்ரூம் ஃபேன். லைட்டும்."

"பிளக்கு?"

"பிளக்கு நின்னா எப்படித் தெரியும்? அது ஓடிக்கிட்டா இருக்கு?"

"டேபிள் விளக்கைச் சொருகிப் பாருங்க."

"மாவு பிசையறது இதுக்கு எவ்வளவோ மேல்," என்றான். சொருகியும் பார்த்தான்.

ஒன்று முன்அறை. இரண்டு சமையலறை. மூன்று படுக்கையறை. நான்கு குளியலறை. ஐந்து பிரிட்ஜ். ஆறு நடைவழி. எட்டு வாசல் விளக்கு. ஏழாவது மட்டும் பெயிண்ட் பிடித்து இறுகிக் கிடந்ததால் கடைசிக்கு விட்டிருந்தாள். இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தள்ளியதும் சடக்கென்று இறங்கியது.

"பின்ரூம் போச்சு," என்றான் அவன்.

அவள் மறுபடி மேலே ஏற்றினாள். "வந்துச்சா?"

"வரல."

இறக்கி ஏற்றினாள். வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். பல்பு செத்துக் கிடந்தது.

"ஹோல்டர் லூசா இருக்கும்," என்றான் அவன். "எந்தக் காலத்து ஹோல்டரு. நாளைக்குக் கழட்டி முடுக்கிடறேன்."

கடையில் ஒரு விதி உண்டு. துளி சந்தேகம் இருந்தாலும் ஒட்டாதே. அவளுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. தாளில் ஏழு கட்டம் நிரம்பி ஒன்றுதான் மிச்சம். வீட்டிலும் ஒரு சுவிட்சும் ஒரு விளக்கும்தான் மிச்சம். ஏழு, பின்அறை என்று எழுதினாள். வழக்கம்போல அடியில் தேதியும் நேரமும் போட்டாள். ஏழரை. வெட்டி, பசை தடவி, ஒட்டிவிட்டாள்.

மறுநாள் அவள் கடையிலிருந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்அறைக்குப் போனான்.

"ஏழுதானே?" என்று குரல் கொடுத்தான்.

"ஏழுதான். ஒட்டியிருக்கேன் பாருங்க."

அவன் ஏழை இறக்கிவிட்டுத்தான் ஏறினான். அதில் தவறு சொல்ல முடியாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஹோல்டரை பல்போடு மரக்கட்டையிலிருந்து கழற்றி, இடது கையில் பிடித்து, வலது கையால் பின்பக்கத்து ஒயரைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் கையிலேயே விளக்கு எரிந்தது.

அவள் கேட்டது ஒரு சின்னச் சத்தம்தான். குழந்தை விக்குகிற மாதிரி. பிறகு ஸ்டூல் உருண்டது. ஓடி வந்தபோது அவன் தரையில் கிடந்தான். வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் தலைக்கு மேலே பல்பு ஒயரில் தொங்கி ஆடியது. அலமாரியின் நிழல் சுவரில் ஏறியும் இறங்கியும் ஆடியது.

அவள் அலறிக்கொண்டே வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினாள். முன்அறை விளக்கு போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது. பிரிட்ஜின் முனகல் அடங்கியது. வீடு முழுக்க இருட்டு. பின்அறையில் மட்டும் வெளிச்சம், நடைவழியின் கடைசியில், இன்னும் ஆடிக்கொண்டு.

மெயினில் கை வைத்தபடியே அவள் அதைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. பத்து எண்ணும் நேரம் இருக்கலாம். அப்புறம் அந்த விளக்கு, யாரும் தொடாமல், தானாக அணைந்தது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு, அதன்பிறகு விரல்கள் எப்படி மடங்கும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர் என்று அவள் சொன்னாள். டாக்டர் குனிந்து சீட்டில் எழுதினார். அவன் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரே ஒரு முறை, "நீ எழுதியிருந்தியே," என்றான். குற்றம் சாட்டுகிற குரலாக இருந்தால் பரவாயில்லை. புரியாமல் கேட்கிற குரலாக இருந்தது.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். அவனுக்கு மூத்தவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாலு தெரு தள்ளி வீடு. வண்டியில்லாதபோதும் வண்டிச் சத்தத்தை மீறித்தான் பேசுவாள்.

"மெயினை இறக்கின பிறகும் எரிஞ்சுதுன்னு நீதானே சொல்ற?"

"ஆமா அண்ணி."

"அப்புறம் தானா அணைஞ்சுதுன்னும் நீதானே சொல்ற?"

"ஆமா."

"அப்ப அதுக்குப் பேரு என்ன?"

"தெரியல அண்ணி."

"எனக்குத் தெரியும். வாயால சொல்ல மாட்டேன்." தம்பியின் தலையைத் தடவினாள். "இவன் இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டான். நீயும் பூட்டிட்டு வந்துடு. வித்தவன் எதுக்கு வித்தான்னு கேட்டியா?"

"வேற ஊருக்குப் போறேன்னாரு."

"போவான். நானா இருந்தா நாட்டை விட்டே போயிருப்பேன்."

அவன் அக்காவோடு போனான். அவள் போகவில்லை. கடை பக்கம் என்று ஏதோ சொன்னாள். தானும் பூட்டிவிட்டுப் போனால் அந்தப் பூட்டை யாரும் திறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீடு பார்த்து அலைந்த இரண்டு வருடமும், இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். நீளமாக இருக்கிறதே என்று அவன் தயங்கியபோதுகூட.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடைவழியில் சுவரோரம் உட்கார்ந்து தொங்குகிற பல்பையே பார்த்தாள். அது எரியவில்லை. புதனும் எரியவில்லை. எரிந்தால் பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு நாள் எரிந்தது, ஒருவனை விழவைத்துவிட்டு நிறுத்திக்கொண்டது என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. மழை விடவில்லை. பொதுச்சுவரின் ஈரம் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு தையல் மெஷின் விட்டு விட்டு ஓடியது. மனுஷச் சத்தம் என்று அது ஒன்றுதான்.

புதன்கிழமை நாத்தனார் போனில் சொன்னாள். "இங்க வந்தும் சுவிட்சைத் தொட மாட்டேங்கிறான். விளக்குப் போட என்னைக் கூப்பிடறான். இருட்டுல உக்காந்திருக்கான், கூப்பிட வெக்கப்பட்டுக்கிட்டு. என் தம்பி இப்படி இருந்தவனா?"

வியாழக்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டு வயர்மேனைக் கூட்டிவந்தாள். ஒல்லியான ஆள். பையை இறக்கி வைத்துவிட்டு முதலில் லேபிள்களைத்தான் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு மேடம். யாரு எழுதினது?"

"நான்தான்."

ஏழை இறக்கிவிட்டுப் பின்அறைக்குப் போகாமல் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டார். ஓடவில்லை. ஏழை ஏற்றினார். ஓடியது.

"ஏழு மோட்டாரு மேடம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க இதை இறக்கினப்போதான் அது அணைஞ்சுதுன்னீங்களே."

"கண்ணால பாத்தாரு. அந்த நிமிஷமே."

"அந்த நிமிஷம் வேற யாராவது அணைச்சிருக்கணும்."

"வீட்ல நாங்க ரெண்டே பேரு."

"பேய்னு வெச்சுக்கலாம்," என்றார். "ஆனா பேய்க்கு எதுக்கு மேடம் கரண்ட்டு? அது சும்மாவே மினுக்கும்னு சொல்வாங்க."

அவர் சிரித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அவர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு ஸ்டூலைக் கேட்டார். மெயினை இறக்கினார். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் மீட்டரையும் வைத்துப் பார்த்தார். ஒயரில் கரண்ட் இல்லை. பிறகு ஒவ்வொரு அறையாக, ஒயர்கள் சேருகிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். அவளை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, பின்அறையிலிருந்து ஒயரை மெதுவாக இழுத்தார்.

"ஏதாவது அசையுதா?"

"இல்ல."

"நடைவழி பாக்ஸ்ல?"

"இல்லைங்க."

"இங்க அரை விரல் வருது. அங்க ஒண்ணும் அசையல." ஸ்டூலில் நின்றபடியே ஈரச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒயர் பைப் போகிற இடத்தில் சத்தம் மாறியது. அந்தப் பைப் நேராகப் பொதுச்சுவருக்குள் போய் முடிந்தது. "இது உங்க லைனே இல்ல மேடம். அந்தப் பக்கத்துலருந்து வருது. நீங்க மெயினைப் பிடுங்கி வீதியில போட்டாலும் இது எரியும். வீட்டைப் பிரிச்சவங்க செங்கல்லைப் பிரிச்சாங்க, ஒயரைப் பிரிக்கல."

"ஆபத்தா?"

"ஒயரு எத்தனை வருஷத்து ஒயரோ. சுவர் இப்படி ஊறுது. இன்னும் ரெண்டு மழை பெஞ்சா சுவரே ஷாக்கடிக்கும். அப்புறம் குழாய். குளிக்கிறப்போ தொட்டீங்கன்னா..." முடிக்காமல் இறங்கினார். "வாங்க, அங்க போய்க் கேப்போம்."

மூன்று வாரத்தில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்மணியை இரண்டு முறை தெருவில் பார்த்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் எப்போதும் துணிமூட்டை. தலையசைத்ததோடு சரி. கதவைத் தட்டியதும் தையல் மெஷின் நின்றது. திறந்தவள் வயர்மேனின் பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இவர்கள் வாயைத் திறக்குமுன், "அந்தத் தம்பிக்குக் கை எப்படி இருக்கு?" என்றாள்.



"ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்குக்கா," என்றாள் அவள்.

"உள்ள வாங்க."

அறை நிறையப் பள்ளிச் சீருடைக் காலர்கள், வெட்டி அடுக்கியபடி. அந்த அம்மா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாதவளாக ஒரு காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். ஓட்டவில்லை.

"ஆறரைக்குப் போட்டேன். ஏதோ விழுந்துச்சு. அப்புறம் நீ கத்தினே. எனக்குக் கை ஓடல. அணைச்சேன். அணைச்ச பிறகுதான் என்ன பண்ணியிருக்கேன்னு புரிஞ்சுது. மூணு நாளா வந்து கேக்கணும், கேக்கணும்னு படி இறங்கறேன். உங்க வாசல் வரைக்கும்கூட வந்தேன் நேத்து. திரும்பிட்டேன்."

"நீங்க போட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா."

"கொழுந்தனார் சொல்லலியா?"

"இல்ல. ரெண்டு பல்பு வெச்சிட்டுப் போனாரு."

அந்த அம்மாவின் விரல் காலரின் மேல் நின்றது. "வெச்சிட்டுப் போனாரா," என்றாள். "சுவர் வந்து பதினோரு வருஷம். அதுக்கப்புறம் அவரும் என் வீட்டுக்காரரும் பேசினதில்ல. இவர் தவறிப்போனப்பக்கூட அவரு தெருமுனையில நின்னுட்டுப் போனாரு, வாசலுக்கு வரல. ஆனா பல்பு போச்சுன்னா மறுநாள் புதுசு எரியும். சுவருக்கு மேல, கூரை சேர்ற இடத்துல ஒரு விரல் சந்து இருக்கு பாரு, அதுல வெளிச்சம் தெரியும். நான் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல."

வயர்மேன் பையைக் கீழே வைத்தார்.

"அது என் பொண்ணு ரூமு," என்றாள் அந்த அம்மா. "பத்தொம்பது வயசு. உக்காந்து படிப்பா. ஒருநாள் சாயங்காலம் போனா. எங்கன்னு தெரியல. உன்னாலதான்னு அண்ணன், உன்னாலதான்னு தம்பி. அதுலதான் சுவர் வந்துச்சு. ரூமு அந்தப் பக்கம் போச்சு, சுவிட்சு இந்தப் பக்கம் நின்னுடுச்சு. அந்த ஜன்னல் பின்சந்தைப் பாத்த ஜன்னல். திரும்பி வந்தா சந்து வழியாத்தான் வருவா, முன்வாசல்ல வர வெக்கப்படுவா. ரூம்ல வெளிச்சம் இருந்தா தட்டுவான்னு போட ஆரம்பிச்சேன்."

அவள் வயர்மேனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். ஜன்னல் அடைத்திருப்பதைச் சொல்வதா? சொல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதி ஒட்டியதில்தான் ஒருவனுடைய கை போய்க் கிடக்கிறது. இன்னொரு பொய்யை இன்னொரு சுவரில் ஒட்ட அவளால் முடியவில்லை.

"அக்கா, அந்த ஜன்னல் இப்ப இல்ல. செங்கல் வெச்சு அடைச்சிருக்கு. வெளியிலருந்து பாத்தா வெளிச்சம் தெரியாது."

"தெரியும்மா," என்றாள் அந்த அம்மா. "தினம் அந்தச் சந்து வழியாத்தானே துணி கொடுக்கப் போறேன். அடைச்ச அன்னிக்கே பாத்தேன். ஏழு வருஷம் ஆகுது."

"அப்புறம் ஏங்க்கா?"

"அதுக்கப்புறமும் ஆறரை ஆகுதில்லம்மா."

மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்று கையால் சுற்றினாள். ஊசி காலரில் இறங்கி ஏறியது. "பைத்தியம்னு நெனச்சுக்காதே. உள்ள யாரும் இல்லேன்னு எனக்குத் தெரியும். ஏழரைக்கு அணைக்கிறப்போ, இன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு இருக்கும். அவ்வளவுதான். ரெண்டு நாளா போடல. ரெண்டு நாளா எந்த வேலையும் முடியல." வயர்மேன் பக்கம் திரும்பினாள். "அறுத்துடுங்க. எந்த ஒயரோ அதை அறுத்துடுங்க."

அவர் அந்த வீட்டு மெயினை இறக்கிவிட்டுச் சுவிட்ச் போர்டைக் கழற்றினார். நாலு சுவிட்ச். டியூப்லைட், ஃபேன், மெஷின், நாலாவது இது. நாலாவதின் பின்னால் இருந்த ஒயர்களைப் பிரித்தார். பிறகு பின்அறைக்குப் போய் அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார். முதலில் வர மறுத்தது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்ததும் மொத்தமும் வந்து விழுந்தது. மேலுறை தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார். "தம்பி விழுந்ததோட போச்சு."

போர்டைத் திரும்ப முடுக்க வந்தபோது நாலாவது சுவிட்சை எடுத்துவிட்டு அங்கே மூடி போடப்போனார்.

"அது இருக்கட்டும்," என்றாள் அந்த அம்மா.

"பின்னால ஒண்ணுமே இல்லக்கா. சும்மா பொம்மை சுவிட்சு."

"இருக்கட்டும். ஓட்டை இருந்தா பல்லி வரும்."

"ஓட்டை இருக்காது, மூடி போடறேன்."

"தம்பி, இருக்கட்டும்."

அவர் முடுக்கிவிட்டு வந்தார்.

மணி ஐந்தரைக்கு அவள் குடை பிடித்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வாசற்படியில் உட்கார்ந்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல், ஏழு மோட்டார் என்பது முதல் கடைசி வரை சொன்னாள். அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"தப்பு என்னோடதுங்க. சந்தேகம் இருந்துச்சு. ஒட்டிட்டேன்."

"நானும்தானே போச்சுன்னு கத்தினேன்," என்றான் அவன்.

"கதை நல்லா இருக்கு," என்றாள் நாத்தனார். "ஒயரை அறுத்தா எல்லாம் போயிடுமா? பதினோரு வருஷம் ஒருத்தி ஏங்கின ரூமு அது. என் தம்பி அங்க தூங்குவானா?"

"வந்து பாக்கறேன்க்கா," என்றான் அவன். "ஆறரைக்கு அங்க இருந்து பாக்கறேன். முடியலேன்னா வந்துடறேன்."

"ஏழரைக்கு வண்டியோட வாசல்ல நிப்பேன். ஹாரன் அடிப்பேன். வந்துடணும்."

ஆறே காலுக்கு இருவரும் பின்அறையில் அரிசி டின்மேல் உட்கார்ந்தார்கள். அவன் அறைக்குள் வந்ததே பெரிய விஷயம். சுவரைத் தொடாமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹோல்டர் இருந்த இடத்தில் வெறும் மரக்கட்டை. வீட்டில் வேறு விளக்கு எதையும் அவள் போடவில்லை. போட வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

டக்.

அவன் திடுக்கிட்டு அவள் தோளைப் பிடித்தான். அறை இருட்டாகவே இருந்தது. கூரைச் சந்து வழியாக வந்த சத்தம், பக்கத்தில் யாரோ விரல் சொடுக்கியதுபோலத் தெளிவாக. இத்தனை நாளும் இந்தச் சத்தம் வந்திருக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வெளிச்சம் வந்ததால் அவர்களுக்குக் கேட்கவில்லை.

"போட்டுட்டாங்க," என்றான் அவன் மெல்ல.

"ஆமா."

"ஒண்ணும் எரியலேன்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அந்தப் பக்கம் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. முதலில் அவனுடைய மூச்சு வேகமாக இருந்தது. நேரம் ஆக ஆக அடங்கியது. இருட்டில் கண் பழகியதும் அடைத்த ஜன்னலின் சதுரம் தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு மேஜை கிடந்த அடையாளமாகத் தரையில் நாலு தேய்ந்த புள்ளிகள். அவள் அதைக் காட்டவில்லை. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது, ஒரு நீளம்.

"மணி என்ன?"

"ஏழு முப்பத்திரண்டு."

"அணைக்கலியே அவங்க."

"மெஷின் சத்தத்துல மறந்திருப்பாங்க."

"பதினோரு வருஷமா மறக்காதவங்களா?" ஹாரன் மறுபடி அடித்தது, இரண்டு முறை. அவன் எழுந்தான். எழுந்தவன் வாசலுக்குப் போகவில்லை. "அணைக்காம விட்டா அவங்களுக்கு வேலை முடியாதுன்னு சொன்னாங்கன்னியே," என்றான்.

"ஆமா."

அவன் பொதுச்சுவர்வரை போனான். இடது கையை நீட்டி, ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, அப்படியே வைத்திருந்தான். வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது. பிறகு விரல் முட்டியால் அந்த ஈரச் சுவரைத் தட்டினான். இரண்டு தட்டு.

மெஷின் நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது.

டக்.

அவன் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இருட்டிலேயே நடைவழியைத் தாண்டி, முன்அறையைத் தாண்டிப் போனான். அவள் பின்னாலேயே போனாள். தான் போட்டுவிடவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவன் வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, சுவரில் தடவித் தேடி, இடது கையாலேயே வாசல் விளக்கைப் போட்டான்.

தெருவில் ஹாரன் நின்றது.